நேரலையில் வராத முகங்கள்

'வெட்டு கிடையாது, ஒட்டு கிடையாது, நடக்கிறது நடக்கிறபடியே.' தெருப் போராட்டங்களைச் செல்போனில் நேரலையாகக் காட்டுகிற சுயேச்சைப் பத்திரிகையாளர்கள் தங்கள் வேலையைப் பற்றி நம்மிடம் சொல்வதன் சாரம் இதுதான். பெரிய தொலைக்காட்சிக்காரர்கள் போலீஸ் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு கல்லெறிந்த கையை மட்டும் காட்டுவார்கள். இல்லையென்றால் எட்டியே பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு ஆள், ஒரு போன், பையில் ஒரு பவர் பேங்க், இவ்வளவோடு கூட்டத்துக்குள் புகுந்து மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே ஓடுகிறவரைப் பார்த்தால் நமக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. முதலாளி இல்லை, ஆசிரியர் குழு இல்லை, தெருவுக்கும் நமக்கும் நடுவில் யாருமே இல்லை என்று தோன்றுகிறது.

இந்தத் தோற்றத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். நேரலையும் ஒரு பிரதிதான். ஒரு நாவலைக் கையில் எடுத்தால் என்னென்ன கேட்கிறோமோ அதையெல்லாம் இதையும் கேட்கலாம். யார் சொல்கிறார்? யாருக்குச் சொல்கிறார்? எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? படத்தொகுப்பு மேசையில் கத்தரி போடவில்லை என்பதாலேயே கத்தரியே இல்லை என்று ஆகிவிடாது. லைவ் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால், 'இங்கே போகலாம், அங்கே எதுக்கு' என்று முடிவு செய்கிறோமே, அங்கேயே முதல் வெட்டு விழுந்துவிடுகிறது. அந்த வெட்டுக்குச் சாதி உண்டா இல்லையா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இதற்கு ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: தில்லிக்கும் ஹரியானாவுக்கும் நடுவில் இருக்கிற சிங்கு எல்லை.

1

மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் 26 அன்று தில்லியை நோக்கிக் கிளம்பிய விவசாயிகள் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் உட்கார்ந்தார்கள். 2021 டிசம்பர் 11 அன்றுதான் கூடாரத்தைப் பிரித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேலே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு ஊரே குடியிருந்தது. பெரிய சேனல்களை அந்த ஊர் உள்ளே விடவில்லை. 'கோதி மீடியா', அதாவது அரசாங்கத்தின் மடியில் உட்கார்ந்த ஊடகம், என்று சொல்லித் துரத்தினார்கள். காலிஸ்தானிகள், தூண்டிவிடப்பட்டவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொன்னவர்களிடம் முகம் கொடுத்துப் பேச அவர்களுக்கு மனசில்லை. அந்த வெற்றிடத்தில்தான் போனும் கையுமாக வந்த சுயேச்சைப் பத்திரிகையாளர்கள் மதிக்கப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவர் மந்தீப் பூனியா. கேரவன் இதழுக்கும் எழுதிவந்தவர். 2021 ஜனவரி 29 அன்று 'உள்ளூர் மக்கள்' என்று சொல்லிக்கொண்டு ஒரு கும்பல் சிங்குவுக்குள் புகுந்து கல்லெறிந்தது, கூடாரங்களைச் சேதப்படுத்தியது. சேனல்கள் 'உள்ளூர் மக்கள் கொதிப்பு' என்று செய்தி போட்டன. பூனியா முகநூல் நேரலையில் வந்து, இந்த 'உள்ளூர் மக்கள்' யார், எந்தக் கட்சியோடு தொடர்புள்ளவர்கள், கல்லெறி நடந்தபோது போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று பேசினார். 30ஆம் தேதி மாலை தடுப்பரண் அருகில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தடுத்தார், தாக்கினார் என்று வழக்கு. பிப்ரவரி 2 அன்று ஜாமீன் கொடுத்த நீதிமன்றம், புகார் கொடுத்தவர், பாதிக்கப்பட்டவர், சாட்சி எல்லாருமே போலீஸ்காரர்கள்தான் என்பதையும், மாலை ஆறரை மணிச் சம்பவத்துக்கு நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில்தான் முதல் தகவல் அறிக்கை பதிவானது என்பதையும் எடுத்துக் காட்டியது. திகார் சிறைக்குள் சக கைதிகளான விவசாயிகளிடம் பேசியதையெல்லாம் தன் காலிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வெளியே வந்தார் பூனியா. தாள் இல்லாத இடத்தில் தோலே தாளானது. சும்மா சொல்லக் கூடாது, பெரிய காரியம்தான்.

நேரலை என்கிற வடிவத்தின் பலம் எங்கே இருக்கிறது என்பதை இதில் பார்க்கலாம். தொலைக்காட்சிச் செய்தி முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறது: 'வன்முறை, இத்தனை பேர் காயம்.' நேரலையில் பேசுகிறவருக்கு அடுத்த நிமிஷம் என்ன நடக்கும் என்று தெரியாது. போன் ஆடுகிறது, பேச்சு தடுமாறுகிறது, சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். அந்தத் தடுமாற்றத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. அதிகாரத்தின் கதையாடல் உருவாவதற்கு முன்னாலேயே அதில் ஓட்டை போட்டுவிடுகிறது. அதனால்தான் அரசுக்கு இதன்மேல் இத்தனை ஆத்திரம். அந்த ஜனவரி 29 இரவு தொடங்கி 31 இரவு வரை சிங்கு, டிக்ரி, காஜிப்பூரில் இணையத்தையே துண்டித்தது உள்துறை அமைச்சகம்.

இதுவரை எல்லாருக்கும் சம்மதம். இனிமேல்தான் நாம் பேச வேண்டியது.

2

சிங்கு எல்லையில் ஹரியானா பக்கம் இருப்பது குண்ட்லி. சோனிபட் மாவட்டத்துத் தொழிற்பேட்டை. விவசாயிகளின் கூடாரங்கள் நின்ற சாலையிலிருந்து ஆலை வாசல்கள் கூப்பிடு தூரம்தான். அந்த ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பிழைக்க வந்த ஏழைகள். ஊரடங்குக் காலத்துச் சம்பளம் பலருக்கு வந்து சேரவில்லை. அதைக் கேட்டு மஸ்தூர் அதிகார் சங்கதன் என்ற தொழிலாளர் அமைப்பு ஆலை ஆலையாகப் போய் நின்றது. அந்த அமைப்பில் இருந்தவர் நோதீப் கவுர். பஞ்சாபின் முக்த்சர் மாவட்டத்து தலித் பெண், இருபதுகளின் தொடக்க வயது, குண்ட்லி ஆலையொன்றில் வேலை பார்த்தவர். விவசாயிகள் போராட்டத்தையும் தொழிலாளிகளின் சம்பளப் பாக்கியையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசியவர்.

2021 ஜனவரி 12 அன்று ஆலை வாசல் போராட்டத்திலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொலை முயற்சி, மிரட்டிப் பணம் பறித்தல் என்று மூன்று வழக்குகள். காவலில் தன்னை அடித்தார்கள் என்றார், போலீஸ் மறுத்தது. அதே அமைப்பின் தலைவர் சிவகுமார், அவரும் தலித், கண்பார்வைக் குறைபாடு உள்ளவர். அவரை ஜனவரி 16 அன்றே தூக்கிப்போய்விட்டார்கள். போலீஸ் கணக்கில் கைது 23ஆம் தேதி. பிப்ரவரியில் மருத்துவப் பரிசோதனை செய்தபோது உடம்பில் எலும்பு முறிவுகள். உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மாவட்ட நீதிபதி நடத்திய விசாரணை, அவர் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார் என்று 2022 டிசம்பரில் சொன்னது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோதீப் கைதானது பூனியாவுக்கு 18 நாள் முன்னால். பூனியா கைதான மறுநாளே தில்லிப் போலீஸ் தலைமையகத்துக்கு முன்னால் பத்திரிகையாளர்கள் திரண்டார்கள். மூன்றாம் நாள் ஜாமீன் வந்தது. நோதீப்புக்கு மூன்றாவது வழக்கில் ஜாமீன் கிடைத்தது பிப்ரவரி 26 அன்று. 45 நாள். தொடக்க வாரங்களில் பஞ்சாபில் சிலரும், தொழிலாளர் அமைப்புகளும், அவருடைய அக்காவும்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸின் தங்கை மகள் மீனா ஹாரிஸ் பிப்ரவரி முதல் வாரத்தில் ட்விட்டரில் அந்தப் பெயரை எழுதிய பிறகுதான் நாடு 'யாரது?' என்று திரும்பிப் பார்த்தது. கூப்பிடு தூரத்தில் இத்தனை செல்போன்கள் ராத்திரி பகலாக நேரலையில் இருந்தபோது, அந்தப் பெயர் கலிபோர்னியா வரை போய்த் திரும்பித்தான் தில்லிக்கு வந்து சேர வேண்டியிருந்தது.

பூனியாவுக்குச் சீக்கிரம் ஜாமீன் கிடைத்ததில் நமக்கு வருத்தம் எதுவும் இல்லை. நோதீப்பின் மேல் போட்ட பிரிவுகள் கடுமையானவை என்று சட்டம் படித்தவர்கள் சொல்லுவார்கள், அதுவும் சரிதான். ஆனால் ஒரு கூலிக்காரப் பெண்மேல் கொலை முயற்சி வழக்கைப் போட்டுவிட்டுப் போலீஸ் நிம்மதியாக இருக்க முடிந்ததே, அது ஏன்? அந்த வாசலில் எவனும் பார்க்கவில்லை என்கிற தைரியம்தான்.

ஏன் பார்க்கவில்லை? யாரும் வேண்டுமென்று சதி செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நேரலைக்கு ஒரு காட்சி ரசனை இருக்கிறது. டிராக்டர் வரிசை, லங்கர் அடுப்பு, வெள்ளைத் தாடி, மஞ்சள் துப்பட்டா, தண்ணீர்ப் பீரங்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டுகிற இளைஞன். இதெல்லாம் கண்ணைப் பிடித்து நிறுத்தும். ஆலை வாசலில் முப்பது பேர் நின்றுகொண்டு 'ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி' என்று சொன்னால் அதில் என்ன காட்சி இருக்கிறது? சம்பளப் பாக்கியைப் படம் பிடிக்க முடியாது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்த எண்ணிக்கை திரையின் மூலையில் நூறாக இறங்குகிறபோது, பேசுகிறவரின் கால் தானாகவே கூட்டம் உள்ள பக்கம் திரும்பும். முதலாளி இல்லாத பத்திரிகையாளருக்கு அந்த எண்ணிக்கைதான் முதலாளி.

அடுத்தது 'விவசாயி' என்ற சொல். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 31.9 சதவீதம், இந்தியாவிலேயே அதிக விகிதம் உள்ள மாநிலம் அது. நிலமோ பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை. பஞ்சாயத்துப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும் என்று 1961 சட்டம் சொல்கிற பங்கைக்கூடப் போராடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பங்கைக் கேட்டதற்காகத்தான் சங்ரூர் மாவட்டத்து ஜலூர் கிராமத்தில் 2016 அக்டோபரில் தலித் குடும்பங்கள் வீடு புகுந்து தாக்கப்பட்டன. சட்டங்கள் வந்த அதே 2020இல், ஊரடங்கால் வெளிமாநிலக் கூலியாட்கள் வராதபோது, நாற்று நடுகிற கூலி இதற்கு மேல் போகக் கூடாது, மீறினால் ஊர்விலக்கம் என்று பஞ்சாபின் பல கிராமப் பஞ்சாயத்துகள் தீர்மானம் போட்டன. ஜூனில் கூலிக்கு உச்சவரம்பு போட்ட ஊர்க்காரர்கள்தான் நவம்பரில் விளைபொருளுக்கு ஆதார விலை கேட்டு டிராக்டர் ஏறினார்கள். இரண்டாவது கோரிக்கை நியாயமானது. ஆனால் முதலாவதைக் கேட்காமல் இரண்டாவதை மட்டும் மணிக்கணக்கில் காட்டினால் அது 'நடக்கிறது நடக்கிறபடியே' ஆகுமா? மைக் நீள்கிற திசையில் ஒரு வெட்டு இருக்கிறது. நிலம் உள்ளவன் போராளி, அவன் நிலத்தில் குனிந்தவள் பின்னணி.

3

'இருந்தாலும் கேமரா இருக்கிற இடத்தில் அக்கிரமம் குறையுமில்லையா?' என்று கேட்பவர்களுக்கு அதே சிங்குவிலிருந்தே ஒரு பதில் உண்டு. 2021 அக்டோபர் 15 விடியற்காலையில், போராட்ட மேடைக்குப் பக்கத்திலேயே, தார்ன் தாரன் மாவட்டத்திலிருந்து வந்த தலித் கூலித் தொழிலாளி ஒருவர் கை வெட்டப்பட்டு, போலீஸ் தடுப்பரணிலேயே கட்டித் தொங்கவிடப்பட்டார். புனித நூலை அவமதித்தார் என்பது கொன்றவர்கள் சொன்ன காரணம். நிஹாங்குகள் சிலர் கைதானார்கள். போராட்டத்தின் தலைமை, இரண்டு தரப்புக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டது.

அவர் உயிரோடு இரத்தம் வழியக் கிடந்தபோதே சுற்றிலும் செல்போன்கள் ஓடிக்கொண்டிருந்தன. யார் அனுப்பினது, எந்த ஊர் என்று கேள்வி கேட்கிற குரல்களும் பதிவாகியிருந்தன. காலையிலேயே அந்தப் படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. கேமரா அங்கே சாட்சியாக நிற்கவில்லை. அந்தக் கும்பல் நீதிமன்றத்தின் எழுத்தராக நின்றது. 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் கட்டி வைத்து அடித்தவர்களும் தாங்களேதான் படம் எடுத்துப் பரப்பினார்கள். அவர்களுக்கு அது வீரப்பதக்கம். அதைக் குற்றத்தின் ஆதாரமாக மாற்றியது கேமரா இல்லை. செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டு 'இனி நீங்களே உரியுங்கள்' என்று சொல்லித் தெருவுக்கு வந்த தலித்துகள்தான் மாற்றினார்கள். காட்சி தானாகச் சாட்சி ஆவதில்லை. அதற்குப் பின்னால் ஆள் வந்து நிற்க வேண்டும்.

4

காட்டப்படாமல் போனவர்களைப் பற்றிச் சொன்னேன். காட்டப்பட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரியில் தில்லியில் நடந்த வன்முறைக்குப் பிறகு, மார்ச் 11 அன்று மக்களவையில் பேசிய அமித் ஷா, முகம் அறியும் மென்பொருளில் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை விவரங்களைப் போட்டு 1,100 பேருக்கு மேல் அடையாளம் கண்டுவிட்டோம் என்றார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதற்கு எதிராக 2020 மே 30 அன்று பிலடெல்பியாவில் நடந்த போராட்டத்தில், போலீஸ் காருக்குத் தீ வைத்த வழக்கில் ஒரு பெண் சிக்கினார். முகத்தை மூடியிருந்தார். செய்தி ஹெலிகாப்டர் எடுத்த படத்தையும், இணையத்தில் மற்றவர்கள் போட்ட படங்களையும் வைத்துக்கொண்டு, அவர் போட்டிருந்த சட்டையை எந்த இணையக் கடையில் வாங்கினார், கையில் என்ன பச்சை குத்தியிருக்கிறார் என்று தேடிப் பிடித்தது எஃப்.பி.ஐ. செய்தி எடுத்தவர்கள் போலீசுக்கு உதவ நினைத்து எடுக்கவில்லை. ஆனால் படம் அவர்கள் நினைப்பைக் கேட்டு நடப்பதில்லை.

போராட்டம் முடிந்தால் பத்திரிகையாளர் வீட்டுக்குப் போகிறார், காட்டப்பட்ட முகம் ஊருக்குப் போகிறது. பேட்டையில் ஒரு ஒப்பந்தக்காரன் அந்த லைவைப் பார்த்திருந்தால் போதும், மறுநாள் வேலை கிடையாது. ஊர்ப்பெரியவர் பார்த்திருந்தால் தண்ணீர் கிடையாது. நிலம் உள்ளவனுக்கு முகம் தெரிவது பெருமை. அன்றாடக் கூலிக்கு அது ஆபத்து. ஒரே நேரலையில் ஒரே நிமிஷத்தில் இரண்டு பேரும் வருகிறார்கள், இரண்டு பேரும் கொடுக்கிற விலை வேறு.

முகம் என்பது நம்மவர்களுக்கு என்றைக்குமே லேசான விஷயமாக இருந்ததில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஜே. எச். ஹட்டன், இந்தியச் சாதிகளைப் பற்றிய தன் நூலில், 1932இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தியை எடுத்துச் சொல்கிறார். திருநெல்வேலிப் பக்கத்தில் புரத வண்ணார் என்று ஒரு சாதியார், கண்ணால் கண்டாலே தீட்டு என்பதால் பகலில் வெளியே வர முடியாது, ராத்திரியில்தான் வேலை. யாருடைய துணியை வெளுத்தார்கள்? தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்களின் துணியை. நம்ம துணியை. தீண்டாமையை அனுபவித்த தெருவே இன்னொரு தெருவைக் காணாமைக்குள் தள்ளிவைத்திருந்தது. இதை இங்கே சொல்வது சிங்குக்காரர்கள் மேல் மட்டும் விரலை நீட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நம் ஊர்வலங்களை நம் பையன்கள் லைவ் போடுகிறபோது அதில் புதிரை வண்ணார் முகம் எத்தனை, அருந்ததியர் வீட்டுப் பெண்ணின் குரல் எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

அன்றைக்குப் பார்க்கவே கூடாது என்று இருட்டில் வைத்தார்கள். இன்றைக்கு எந்தக் கூட்டத்தில் ஒளிந்தாலும் முகத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். இரண்டிலும், எப்போது தெரிய வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று முடிவு செய்கிற உரிமை அந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் இல்லை. நேரலையை நாம் மதிப்பிட வேண்டிய அளவுகோல் இதுதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டு, காட்டப்பட்டவர் கையில் அந்த உரிமை எவ்வளவு இருந்தது என்று கேட்க வேண்டும்.

5

'அப்படியென்றால் லைவே வேண்டாமா?' வேண்டும். இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன்.

2016 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற இடத்தில் கார் ஒன்றை நிறுத்திய போலீஸ்காரர், ஓட்டிவந்த கறுப்பினத்தவரான ஃபிலாண்டோ காஸ்டிலைச் சுட்டார். பக்கத்தில் இருந்த அவருடைய தோழி டைமண்ட் ரெனால்ட்ஸ் போனை எடுத்து முகநூல் நேரலையைத் தொடங்கினார். பின் இருக்கையில் அவருடைய நான்கு வயது மகள். துப்பாக்கி இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. அந்த நிலையிலும் அவர் போலீஸ்காரரை 'சார்' என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே, அவர் அடையாள அட்டையை எடுக்கப் போனார், நீங்கள் சுட்டீர்கள் என்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறார். அந்த 'சார்' என்ற சொல் நமக்குப் புரியும். ஆண்டை வீட்டு வாசலில் நின்று நியாயம் கேட்டிருக்கிற எவருக்கும் புரியும். அடங்கின குரலில் அடங்காத சாட்சி. சாட்சியம் என்பது நடந்து முடிந்த பிறகு பிழைத்தவர் சொல்வது. நேரலை என்பது முடிவு தெரியாமல் சொல்வது. அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முகநூல் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் காணாமல் அடித்துவிட்டு, தொழில்நுட்பக் கோளாறு என்றது. 2017 ஜூன் 16 அன்று போலீஸ்காரர் விடுதலையானார். நேரலை நீதியைக் கொண்டுவரவில்லை. ஆனால் அன்று இரவே மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. போலீஸ் தன் கதையைச் சொல்லுவதற்கு முன்னால் அவள் தன் கதையைச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது நம் பக்கத்தில். தமிழ்நாட்டிலிருந்து ஹைதராபாத்துக்குப் படிக்கப் போன ரவிச்சந்திரன் பத்ரன் 2010களின் தொடக்கத்தில் 'தலித் கேமரா' என்று ஒன்றைத் தொடங்கினார். தீண்டத்தகாதவர் கண்களின் வழியே என்பது அதன் அடைமொழி. அதில் ஓட்டமும் கிடையாது, மூச்சு வாங்கலும் கிடையாது. கேமரா ஒரு இடத்தில் நிற்கும். எதிரில் இருப்பவர் தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசுவார். பார்க்க 'போர்' அடிக்கும் என்றார்கள். அடிக்கட்டும். பேசுகிறவர் தனக்குத் தெரிந்தே, தன் சம்மதத்தோடு, தன் வேகத்தில் தெரிகிறார். பூனியா சிறைக்குப் போன அதே வார இறுதியில், 2021 ஜனவரி 31 அன்று, மீனா கோட்வால் 'மூக்நாயக்' என்ற பெயரில் ஒரு செய்தித்தளத்தைத் தொடங்கினார். 1920இல் அதே தேதியில் அம்பேத்கர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் அது. ஊமைகளின் தலைவன் என்று பொருள். கேமரா எங்கே நிற்கிறது என்பதை மாற்றுவதற்கு, கேமரா யார் கையில் இருக்கிறது என்பதையும் மாற்றியாக வேண்டும்.

தெருவுக்குப் போகிற தோழர்களுக்கு இந்த விமரிசனத்திலிருந்து எழுகிற சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். லைவ் போடுகிறபோது போனைப் போலீஸ் பக்கம் திருப்புங்கள். லத்தியைக் காட்டுங்கள், பெயர்ப் பட்டையைக் காட்டுங்கள். நம் ஆட்களைக் காட்டுகிறபோது கேட்டுவிட்டுக் காட்டுங்கள். பின்னால் வருகிறவர்களின் முதுகு போதும், காலடி போதும், குரல் போதும். கேட்கிற அவகாசம் இல்லை என்றால் லைவ் வேண்டாம், பதிவு செய்து வைத்து முகங்களை மறைத்துவிட்டுப் பிறகு வெளியிடலாம். நேரலைக்கு மட்டும் நம்பி இருக்காதீர்கள். கம்பெனிக்காரன் நினைத்தால் அது இல்லாமல் போகும். விவசாயிகள் போராட்டத்தின் முகநூல் பக்கத்தையே 2020 டிசம்பர் 20 அன்று சில மணி நேரம் தூக்கிவிட்டார்கள். பூனியா பிறகு தொடங்கிய 'காவ்ன் சவேரா' செய்தித்தளத்தின் சமூக ஊடகக் கணக்குகள் 2023 ஆகஸ்டில் இந்தியாவில் முடக்கப்பட்டன. அதனால் நகல் ஒன்று எப்போதும் நம்மிடம் இருக்க வேண்டும். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் பெயரை, சம்மதம் இருந்தால், அன்றைக்கே வாசியுங்கள். மறுநாளும், ஜாமீன் வருகிற வரைக்கும் வாசியுங்கள். கூட்டம் கலைந்த பிறகு கேமராவை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். போலீஸ் வீடு புகுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, மேடையை விட்டுக் கொஞ்சம் நடங்கள். சிங்கு மேடையிலிருந்து குண்ட்லி ஆலை வாசலுக்கு நடந்தே போயிருக்கலாம். பேட்டரி இருந்தது, சிக்னல் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். 2021 ஜனவரி 12 அன்று அந்த வாசலில் ஒரே ஒரு போன் நேரலையில் இருந்து, அதைப் பிடித்தவர் அடுத்த நாளும் அங்கே போய் நின்றிருந்தால், அந்தப் பெண் 45 நாள் உள்ளே இருந்திருப்பாளா? இருந்திருக்கலாம். ஆனால் கொலை முயற்சி என்று எழுதின கை, எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கும்.